குழந்தைத் துணியில் நீலம்

பெங்களூர் தொம்மலூரில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் சுவர், கூரை, கதவு எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம் அடித்த ஓர் அறை இருக்கிறது. அங்கேதான் எனக்குச் சோறு. சட்டைப் பையில் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமராக்களை வைத்துப் படம் எடுத்து, நிறம் உள்ளபடி வருகிறதா, நாய்ஸ் எவ்வளவு என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. நாய்ஸ் என்றால் சத்தம் இல்லை. வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால், இருட்டான பகுதியில் ரவை தூவினாற்போல் புள்ளிகள் தெரியும். அதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அறைக்குள் சிவப்பு, மஞ்சள் என்று சட்டை போட்டுக்கொண்டு போகக் கூடாது. சட்டையின் நிறம் தெறித்துச் சோதனை அட்டையில் விழுந்துவிடும். அதனால் வாரம் முழுக்க எனக்குச் சாம்பல் சட்டை அல்லது கறுப்புச் சட்டை. ஈஜிபுராவில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், எங்கள் குடும்பத்தில் ஏதோ துக்கம் என்றே ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வேலை எனக்குக் கொடுத்த தலைக்கனத்தைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். யார் வீட்டுக்குப் போனாலும் கல்யாண ஆல்பத்தை எடுத்து நீட்டுவார்கள். வாயை மூடிக்கொண்டு பார்த்துவிட்டு வைக்கலாம் அல்லவா? மாட்டேன். "மாப்பிள்ளை முகம் பச்சை அடிக்குது", "நாய்ஸை எடுக்கிறேன்னு பொண்ணோட புருவத்தையே வழிச்சுட்டான்" என்று ஏதாவது சொல்லி அவர்கள் மனசைக் கெடுத்துவிட்டுத்தான் காப்பியைக் குடிப்பேன். அக்காவுக்கு இது பிடிக்காது.

"உனக்கு மட்டுந்தான் கண்ணு இருக்கா? எங்களுக்கெல்லாம் என்ன, கோலிக்குண்டா?" என்பாள்.

நான் சிரிப்பேன். உள்ளுக்குள், ஆமாம், எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அக்காவும் மாமாவும் லிங்கராஜபுரத்தில் இருக்கிறார்கள். மாமா ஒரு கம்பெனியின் பஸ் ஓட்டுகிறார். அதிகாலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அக்காவுக்குக் குழந்தை பிறந்தது, பெண். அம்மா முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு திருப்பத்தூரில் படுத்திருந்ததால் வர முடியவில்லை. நான் ஆபீஸில் பதினைந்து நாள் லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டில் போய் உட்கார்ந்தேன். தாய்மாமன் பிரசவ வீட்டில் சமையல் செய்கிறான் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. பூண்டுக் குழம்பு வைக்கவும் பத்தியச் சாப்பாடு போடவும் நான் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

மேல்மாடியில் ஒரு நர்ஸ் குடியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கோலார் தங்கவயலிலிருந்து வந்தவர். ஒரு நர்சிங் ஹோமில் பிறந்த குழந்தைகள் வார்டில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. எல்லாரும் சிஸ்டர் என்றே கூப்பிடுவோம். அக்காவுக்கு வலி வந்தபோது ஆட்டோவில் கூட உட்கார்ந்து போனவர் அவர்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் குழந்தையைக் குளிப்பாட்டியவரும் அவர்தான். அவருடைய தங்கை மகளுக்கு அந்த வாரம் கல்யாணம். ஊருக்குக் கிளம்பும் முன் அக்காவை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"கட்டைவிரலால நெத்திய லேசா அமுக்கி எடும்மா. அந்த எடம் வெளுப்பா வரணும். மஞ்சளா வந்துச்சுன்னா எனக்கு ஒடனே சொல்லு. ஜன்னல்கிட்ட வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மூணாம் நாள் நாலாம் நாள்தான் மஞ்சள் காமாலை காட்டும். கருப்புக் கொழந்தைங்களுக்குச் சட்டுனு தெரியாது, பாத்துக்க."

"என் தம்பி இருக்கான் சிஸ்டர். போட்டோ எடுக்கறதுதான் அவன் வேலையே" என்றாள் அக்கா. எவ்வளவு பெருமையாகச் சொன்னாள்!

நான் அப்போது ஆபீஸிலிருந்து ஒரு கேமராவைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். போனில் எடுத்து அலுத்துப்போன காலேஜ் பிள்ளைகள் இப்போது மறுபடியும் சின்ன கேமராவைத் தேடுகிறார்கள். அதனால் புதிது புதிதாக வந்து குவிகின்றன. இதுவும் அதில் ஒன்று. முந்தின வாரம்தான் அதைச் சோதித்து, நிறத்துக்கு ஐந்துக்கு இரண்டு போட்டிருந்தேன். குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாவற்றையும் மஞ்சளாக இழுக்கிறது என்று குறிப்பும் எழுதியிருந்தேன். பகல் வெளிச்சத்தில் அது ஒழுங்காக வேலை செய்தது என்பதையும் அதே பக்கத்தில் நானேதான் எழுதியிருந்தேன். அந்த வரி எனக்கு அன்றைக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம். அக்கா குழந்தையை ஜன்னலோரம் கிடத்தி, நெற்றியை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா. பாப்பா மஞ்சளா இருக்குடா."

போனில் எடுத்தால் முகத்தை வழுவழுவென்று பூசிவிடும், நிறத்தை நம்ப முடியாது என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டுக் கேமராவை எடுத்தேன். மாமாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணியில் பாப்பா சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நான்கு படம் எடுத்தேன். எடுத்ததும் என்ன செய்தேன் தெரியுமா? படத்தைப் பெரிதாக்கி, குழந்தையின் காதுக்குப் பின்னால் இருந்த நிழலில் நாய்ஸ் எவ்வளவு என்று பார்த்தேன். நெற்றியில் இருந்த பூனைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பரவாயில்லையே, இந்த விலைக்கு நல்ல கேமராதான் என்று தோன்றியது. அக்கா பக்கத்திலேயே என் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடா சொல்ற?"

படத்தில் பாப்பா மஞ்சளாகத்தான் இருந்தது.

"அது இந்தக் கேமராவோட புத்தி, அக்கா. மஞ்சளாத்தான் இழுக்கும். நானே மார்க் கொறச்சிருக்கேன்."

"நேர்ல பாத்தாலும் அப்படித்தானடா இருக்கு?"

"உன் நைட்டி என்ன கலர்? மஞ்சள். நீ குனிஞ்சு பாக்கறப்ப அது பாப்பா மேல தெறிக்குது. மேல டியூப்லைட் வேற எரியுது."

அக்கா தன் நைட்டியைக் குனிந்து பார்த்தாள். உள்ளே போய், அதைக் கழற்றிவிட்டு வெள்ளையில் சின்னப் பூப்போட்ட நைட்டியை மாற்றிக்கொண்டு வந்தாள். மறுபடியும் குனிந்து பார்த்தாள். நான் என்ன சொல்கிறேனோ அதையே தன் கண்ணும் சொல்ல வேண்டும் என்று அவள் பாடுபட்டது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்று நான் அதைப் பார்த்துப் புன்னகை செய்தேன்.

"எதுக்கும் சிஸ்டருக்கு அனுப்பிடுடா."

அனுப்பியிருக்கலாம். எடுத்ததை எடுத்தபடி அனுப்பியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நிறம் தப்பான படம் ஒன்று என் கையிலிருந்து வெளியே போவதை என்னால் தாங்க முடியாது. அது என் வியாதி. லேப்டாப்பைத் திறந்து, படத்தைப் போட்டு, நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழை நீலத்தின் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். பாப்பாவின் மஞ்சள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். எங்கள் வீட்டுக் குழந்தைகளின் நிறம் வந்தது. நல்ல மாநிறம், கன்னத்தில் லேசாகச் சிவப்பு. அக்கா சின்ன வயதில் இருந்த மாதிரியே இருந்தது. அழகு!

நிறத்தைச் சரி பார்க்க முகத்தை நம்பாதே, படத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஒரு பொருள் இருந்தால் அதைப் பார் என்பதுதான் எங்கள் வேலையின் அரிச்சுவடி. புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். அதற்கென்றே ஒரு சாம்பல் அட்டை என் பையில் எப்போதும் இருக்கும். அன்றும் இருந்தது. எடுக்கச் சோம்பல். படத்திலோ வெள்ளை வேட்டித் துணி இருந்தது. குமிழைத் தள்ளத் தள்ள அந்தத் துணி நீலம் பூத்துக்கொண்டே போனது. அதையும் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. அக்கா சொட்டு நீலம் கூடுதலாகப் போட்டுத் துவைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வெள்ளை வேட்டி என்றாலே கடைசி அலசலில் நீலம் போடாமல் காயப்போட மாட்டார்கள். அம்மா போடுவதைப் பார்த்துத்தானே வளர்ந்தேன். காரணம் கிடைத்துவிட்டது, போதும் என்று படத்தை அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் சிஸ்டர் போன் செய்தார். பின்னால் கல்யாண வீட்டு மேளம் கேட்டது.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. மஞ்சள் இல்ல. அக்காவ பயப்படாம இருக்கச் சொல்லு. நாளன்னிக்கு வந்து நேர்ல பாக்கறேன்."

"பாத்தியா?" என்றேன் அக்காவிடம். எவ்வளவு திமிராகச் சொன்னேன்.

அடுத்த நாள் முழுக்கப் பாப்பா தூங்கியது. பாலுக்கு எழுப்பினால் இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. "ரொம்பத் தூங்குதுடா" என்று அக்கா இரண்டு முறை சொன்னாள். மஞ்சளாக இருக்கிறது என்று மட்டும் அவள் அப்புறம் சொல்லவே இல்லை. அதைச் சொல்லும் தைரியத்தை நான் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

ஏழாம் நாள் காலையில் சிஸ்டர் தங்கவயலிலிருந்து வந்தார். தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. நேராக உள்ளே வந்து பாப்பாவை ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். நெற்றியை அமுக்கினார், நெஞ்சை அமுக்கினார், உள்ளங்காலை அமுக்கினார்.

"அய்யோ இயேசப்பா. மஞ்சள் கால் வரைக்கும் எறங்கிடுச்சே. கெளம்புங்க, ஒடனே கெளம்புங்க!"

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா எங்களைத் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார். "யாக்கே இஷ்டு லேட் மாடித்ரி?" ஏன் இவ்வளவு தாமதம் செய்தீர்கள் என்று அர்த்தம். அக்கா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ரத்தத்தையே மாற்ற வேண்டி வந்திருக்கும், மூளையைத் தாக்கியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். காதில் பாதிப்பு இருக்கிறதா என்று மூன்று மாதம் கழித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

பாப்பாவின் கண்ணைத் துணியால் கட்டி நீல விளக்குக்குக் கீழே போட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். குமிழை நீலத்தின் பக்கம் தள்ளி நான் படத்தில் எடுத்த மஞ்சளை, இவர்கள் நிஜமான நீல வெளிச்சத்தைப் போட்டுக் குழந்தையின் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றே வீட்டுக்கு வந்து, அதே ஜன்னலோரத்தில், அதே டியூப்லைட்டைப் போட்டு, சாம்பல் அட்டையை வைத்து அதே கேமராவில் படம் எடுத்தேன். சாம்பல் சாம்பலாகவே வந்தது. ஒரு இழையும் மஞ்சள் ஏறவில்லை. நான் ஐந்துக்கு இரண்டு போட்ட கேமரா உள்ளதை உள்ளபடி காட்டியிருக்கிறது. பொய் சொன்னது நான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாவது நாள் பாப்பா வீட்டுக்கு வந்தது. அன்று சாயங்காலம் விசாரிக்கப் படியிறங்கி வந்த சிஸ்டரை மாமா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"போட்டோ பாத்து ஒண்ணும் இல்லன்னீங்களே சிஸ்டர்! இருபது வருஷ சர்வீஸுன்னு சொன்னீங்க. உங்கள நம்பித்தான உக்காந்திருந்தோம்? எம் பொண்ணுக்குக் காது போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"தப்புதாங்க. என் கண்ணு பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார் சிஸ்டர். நான் சமையலறையில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. நான்கு அடி எடுத்து வைத்தால் வாசல். எடுத்து வைக்கவில்லை. மாமாவுக்குப் பயமா, அக்காவின் முகத்துக்குப் பயமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டும் இல்லை. நிறம் பார்க்கத் தெரிந்தவன் என்ற என் பெயர் போய்விடுமே என்ற பயம். இவ்வளவு கேவலமான காரணம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அதற்குப் பிறகு சிஸ்டர் எங்கள் வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியேறுவார். அக்கா அவரோடு பேசுவதில்லை. அக்காவுக்கு இன்னொரு பழக்கம் வந்திருந்தது. பாப்பாவின் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு திடீரென்று கைதட்டுவாள். பாப்பா திடுக்கிட்டால் சிரிப்பாள். சில நேரம் அது அசையாமல் விரல் சூப்பிக்கொண்டிருக்கும். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. சனிக்கிழமைதோறும் போவேன், மத்தியானமே ஏதாவது சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

காது டெஸ்டுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு கேட்டைத் திறந்தபோது சிஸ்டர் என்னை நிறுத்தினார். மெலிந்து போயிருந்தார்.

"தம்பி, ஒரு ஒதவி. நீங்க கலர் வேலதான செய்றீங்க? எங் கண்ண டெஸ்ட் பண்ணணும். கலர் தெரியுதா இல்லயான்னு."

எனக்குப் புரியவில்லை.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். நல்லாத்தான் இருக்குங்கறாங்க. அப்புறம் ஏன் எனக்கு இதுல தெரிய மாட்டேங்குது?" என்று தன் போனை நீட்டினார். நான் அனுப்பிய படம். "தெனமும் பாக்கறேன் தம்பி. வெளிச்சத்துல வெச்சுப் பாக்கறேன், கண்ணாடி போட்டுப் பாக்கறேன். மஞ்சள் இருக்குன்னு இப்பத் தெரிஞ்சும் எனக்குத் தெரியல. இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு இன்னும் எத்தன கொழந்தைய விட்டேனோ? வார்டு வேணாம்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். இப்பச் சீட்டு எழுதற எடத்துல ஒக்காந்திருக்கேன்."

இதற்கு மேலும் ஊமையாக நின்றிருந்தால் நான் மனுஷனே இல்லை.

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல சிஸ்டர். அதுல மஞ்சள் இல்ல. நான் எடுத்துட்டேன்."

கேமராவிலிருந்து என் போனில் ஏற்றி வைத்திருந்த அசல் படத்தைக் காட்டினேன். ஒரு முறை பார்த்தார். ஒரே முறை.

"இது காமாலை" என்றார். "இத அனுப்பியிருந்தா பஸ் புடிச்சு அன்னிக்கே வந்திருப்பேனே தம்பி." கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் கூட வரேன்" என்றார்.

மாமா டூட்டியில் இருந்தார். அக்கா கதவைத் திறந்தாள், இடுப்பில் பாப்பா. எனக்குப் பின்னால் சிஸ்டரைப் பார்த்ததும் முகம் இறுகியது. வாசலில் நின்றபடியே சொன்னேன். குமிழ், நீலம், அனுப்பியது, மாமா கத்தியபோது சமையலறையில் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என் போனை வாங்கி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அவள் பெரிதாக்கியது குழந்தையின் முகத்தை இல்லை, துணியை.

"துணி ஏன்டா நீலமா இருக்கு?"

"நீ சொட்டு நீலம் போட்டிருப்பேன்னு நெனச்சேன்க்கா."

"பச்சக் கொழந்த துணிக்கு எவளாச்சும் நீலம் போடுவாளாடா? ஒடம்புல பட்டா புண்ணாயிடாது?" அவள் குரல் ஏறவே இல்லை. "பக்கத்துலயேதானடா நின்னுட்டிருந்தேன். ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்ன?"

போனை என் கையில் கொடுத்துவிட்டு, "உள்ள வாங்க சிஸ்டர்" என்றாள். சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அக்கா பாப்பாவை அவர் கையில் கொடுத்தாள். அவர் ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டைவிரலால் நெற்றியை அமுக்கிப் பார்ப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் காது டெஸ்டுக்கு அக்கா சிஸ்டரை அழைத்துக்கொண்டு போனாள். எனக்குச் சொல்லவில்லை. அன்று நான் சாம்பல் அறையில் ஒரு கேமராவின் நாய்ஸைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன், ஒரு புள்ளியும் கண்ணில் ஏறவில்லை. பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அக்கா இல்லை.

"ரெண்டு காதும் நல்லாக் கேக்குது தம்பி" என்றார் சிஸ்டர். "நீங்க அங்க தவிச்சிட்டிருப்பீங்கன்னுதான் மொதல்ல ஒங்களுக்குப் போட்டேன்."